மயிலுக்கு ஒரு போர்வை

முதலாமாண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பேகனை நடத்துகிறேன். ஆவியர் குடியில் பிறந்தவன். பொதினி மலைக்குத் தலைவன். மயிலுக்குப் போர்வை ஈந்தவன். கொடைமடம் என்ற சொல்லை விளக்க அவனைவிட எளிய சான்று இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக அதே குறிப்பேடு, அதே இடத்தில் அதே நகைச்சுவை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, "அம்மா, அந்தப் போர்வையை மயில் என்ன செய்திருக்கும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன்.

அந்தக் கேள்விக்கு விடை எனக்கு 2019இல் உகாண்டாவில் கிடைத்தது. இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததற்கு வெட்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

2018 ஜூன் 20 அன்று எங்கள் கல்லூரியில் உலக அகதிகள் நாள் கொண்டாடப்பட்டது. ('கொண்டாடப்பட்டது' என்ற சொல் உறுத்துகிறது, சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது.) இந்த நாள் ஆப்பிரிக்காவிடமிருந்து உலகம் பெற்றுக்கொண்ட நாள். ஆப்பிரிக்க நாடுகள் ஏற்கெனவே ஜூன் 20ஐ ஆப்பிரிக்க அகதிகள் நாளாகக் கடைப்பிடித்து வந்தன. 2001 முதல் ஐ.நா. அதையே உலகுக்கும் ஆக்கியது. நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. தெற்கு சூடானிலிருந்து உகாண்டாவுக்குள் நடந்தே வந்து சேர்ந்த தாய்மார்களின் படங்களைத் திரையில் காட்டினோம். மாணவர்கள் உருகிப்போனார்கள். ஒரு வாரத்தில் மூன்று சாக்கு நிறையப் பழைய துணிகளும் 23,400 ரூபாயும் சேர்ந்தன.

எங்கள் வகுப்பில் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் துணி எதுவும் கொண்டுவரவில்லை. ஐம்பது ரூபாயை என் கையில் வைத்துவிட்டு, "துணி வேண்டாம் அம்மா. எங்களுக்கும் துணிதான் நிறைய வந்துச்சு" என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

துணிச் சாக்குகள் எங்கும் போகவில்லை. கடல் கடந்து அனுப்புவதற்கு ஆகும் செலவு துணிகளின் விலையைப்போலப் பல மடங்கு என்பதைச் சேர்த்த பிறகே விசாரித்தோம். அவை கிடங்கில் கிடந்து எலிகளுக்குப் பயன்பட்டன. பணம் மட்டும் என் பொறுப்பில் இருந்தது.

நிற்க. என் தம்பி அப்போது உகாண்டாவில், ஆழ்துளைக் கிணறுகளுக்குச் சூரிய மின் மோட்டார் பொருத்தும் நிறுவனம் ஒன்றில் வேலையில் இருந்தான். தங்கியிருந்தது காங்கோ எல்லையை ஒட்டிய அருவா என்ற ஊரில். "அக்கா, லீவுக்கு வாயேன், நைல் நதியைப் பார்க்கலாம்" என்று இரண்டு ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, 2019 மே மாதம் புறப்பட்டேன். மாணவர்களின் பணத்தையும் உடன் எடுத்துக்கொண்டேன். அங்கே மாற்றியபோது ஏறத்தாழ 12 இலட்சம் ஷில்லிங் ஆயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக இலட்சங்களில் பணம் கையில் இருந்தது.

கம்பாலாவிலிருந்து அருவா ஏறத்தாழ 500 கிலோமீட்டர். கருமா என்ற இடத்தில் பேருந்து நைலைக் கடக்கிறது. நதி வெண்ணுரையாகக் கொதித்துக்கொண்டு போகிறது. சாலையோரம் பபூன் குரங்குகள் பிச்சைக்கு உட்கார்ந்திருக்கின்றன. பிறகு பக்வாச்சில் மீண்டும் ஒருமுறை நைல், இந்த முறை அகன்று, அமைதியாக. அதைத் தாண்டினால் மேற்கு நைல் வட்டாரம். அருவாச் சந்தையில் முதல் நாளே கண்டது, உலகின் பழைய துணிகளெல்லாம் குன்றுகளாகக் குவிந்து கிடந்ததை. எங்கள் மூன்று சாக்குகளை நினைத்துக்கொண்டேன்.

தம்பி வேலை செய்த இடம் யும்பே மாவட்டத்தின் பிடிபிடி அகதிகள் குடியிருப்பு. 2016 ஜூலையில் ஜூபாவில் மூண்ட சண்டை தெற்கு சூடானின் எக்குவட்டோரியாப் பகுதிக்கும் பரவியதும், ஊர் ஊராக மக்கள் எல்லையைக் கடந்தார்கள். அந்த ஆகஸ்டில் வெறும் புதர்க்காடாக இருந்த பிடிபிடியில் ஆண்டு முடிவதற்குள் 2,70,000 பேர் குடியேறிவிட்டார்கள். அதற்குமேல் இடமில்லை என்று மூடினார்கள். முள்வேலியும் கூடார வரிசையும் காவல் கோபுரமும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். எதுவும் இல்லை. செம்மண் பாதை, மண்சுவர்க் குடிசைகள், கூரையில் வைக்கோலோடு வெள்ளைத் தார்ப்பாய், இடையிடையே மாமரங்கள். எங்கே கிராமம் முடிந்து குடியிருப்பு தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. தார்ப்பாய் இருந்தால் அகதி, இல்லாவிட்டால் ஊர்க்காரர் என்று தம்பி அடையாளம் சொன்னான்.

உகாண்டாவின் முறை அது. 2006இல் இயற்றப்பட்ட சட்டப்படி அகதிகள் நாட்டுக்குள் விரும்பிய இடத்துக்குப் போகலாம், வேலை செய்யலாம், கடை வைக்கலாம். பிடிபிடியில் குடும்பத்துக்கு முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் நிலம் கொடுத்தார்கள். நம் கணக்கில் 22 சென்ட். பக்கத்து நாடான கென்யாவில் 1991இல் தோன்றிய தடாப் முகாமில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். முகாமை விட்டு வெளியே போக அவர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதோடு ஒப்பிட்டால் 22 சென்ட் பெரிய விஷயம். ஆனால் அது வயிற்றுக்குப் போதாது என்பதை நேரில் பார்த்தேன். பல இடங்களில் மண்ணைவிடக் கல் அதிகம்.

அந்த நிலம் அரசாங்கத்துடையது அன்று. மேற்கு நைலில் நிலம் குலங்களுக்கு உரியது. குலப் பெரியவர்கள் கூடி, வாடகை வாங்காமல் கொடுத்த காடு அது. தம்பி மோட்டார் பொருத்திய கிணற்றை ஒட்டிய ஊரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். நானும் ஆசிரியை என்று தெரிந்ததும் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். மரவள்ளி மாவுக் களியும் வேர்க்கடலை அரைத்த குழம்பும் வந்தன. (நம் ஊர்க் கேழ்வரகுக் களியை விழுங்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே பட்டினி இல்லை.) ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் சொன்ன கதை 1979இல் தொடங்குகிறது. இடி அமீன் மேற்கு நைலைச் சேர்ந்தவர். அவர் வீழ்ந்ததும், அவரது வட்டாரத்து மக்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் புதிய படையினர் இங்கே பழிதீர்த்தார்கள். 1980க்குப் பிறகு ஊர்களே காலியாகிச் சூடானுக்கும் அன்றைய ஜைருக்கும் ஓடின. நம் நாட்டில் அமீன் என்றால் 1972இல் இந்திய வம்சாவளியினரை மூட்டை கட்டச் சொன்னவர் என்பதோடு நினைவு நின்றுவிடுகிறது; அவருடைய சொந்த ஊர்க்காரர்கள் மூட்டை கட்டியது எனக்கு அதுவரை தெரியாது. ஆசிரியருக்கு அப்போது பன்னிரண்டு வயது. சூடானின் யெய் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அவருடைய தந்தைக்கு விரல் நீட்டி நிலம் காட்டினாராம்: அந்த மரத்திலிருந்து இந்தக் கறையான் புற்று வரை உழுதுகொள் என்று. ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தார்கள். சூடானிலும் போர் வந்ததும் திரும்பினார்கள். 2016இல் யெய் பக்கத்துச் சனங்கள் வந்து நின்றபோது, "யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா?" என்றார். காக்வா மொழி பேசுவோர் எல்லையின் இரு பக்கமும், காங்கோவிலும் இருக்கிறார்கள். வந்தவர்களில் சிலருக்கு மொழிபெயர்ப்பாளர்கூடத் தேவைப்படவில்லை.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்குக் கண்ணீர் வந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. நிலம் கொடுத்தால் பள்ளி வரும், சாலை வரும், மருத்துவமனை வரும், உதவியில் நூற்றுக்கு முப்பது பங்கு உள்ளூர்க்காரர்களுக்கு என்று சொன்னார்கள். கிணறு வந்தது, மற்றவை பாதி வந்தன என்றார். விறகுக்காகத் தம் மரங்களை வெட்டுவதாக அகதிப் பெண்கள்மேல் கோபப்பட்டார். நன்றி, நினைவு, எதிர்பார்ப்பு, எரிச்சல் எல்லாம் ஒரே பேச்சில் வந்தன. பொய் கலக்காத விருந்தோம்பல் இப்படித்தான் இருக்கும் போலும். 2017இல் கம்பாலாவில் கூடிய மாநாட்டில் உகாண்டா 200 கோடி டாலர் உதவி கேட்டது. உலகம் தருவதாக வாக்களித்தது ஏறத்தாழ 36 கோடி. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 2018இல் கைரேகை, கருவிழி கொண்டு மறுகணக்கு எடுத்தபோது 14 இலட்சம் அகதிகள் 11 இலட்சமாகக் குறைந்தார்கள். ஏட்டில் மட்டும் வாழ்ந்த மூன்று இலட்சம் பேரின் சோற்றை யாரோ தின்றிருந்தார்கள்.

மறுநாள் அரவை மில்லுக்குப் போனோம். அங்கேதான் என் சங்கதி நடந்தது.

மாதம் ஆளுக்கு 12 கிலோ அளவில் மக்காச்சோளம் கிடைக்கும்; சில இடங்களில் தானியத்துக்குப் பதில் 31,000 ஷில்லிங், அதாவது அன்றைய கணக்கில் 580 ரூபாய் அளவு. சோளம் மணியாகவே வருகிறது. மாவாக்கினால்தான் உணவு. மில் ஒரு வியாபாரியுடையது. அரவைக்கூலி பணமாக வேண்டும். பணம் இல்லாதவர்கள் சோளத்தில் ஒரு பங்கை அளந்து கூலியாகக் கொடுக்கிறார்கள், அல்லது விற்கிறார்கள். அரைக்க வழியே இல்லாவிட்டால் முழு மணியை வேகவைக்க வேண்டும். அதற்கு விறகு அதிகம். விறகுக்குக் காட்டுக்குள் போனால் மரத்துக்கு உரியவரோடு சண்டை. ஆசிரியரின் முந்தைய நாள் கோபத்துக்கு வேர் இந்த மில் வாசலில் இருந்ததைத் தம்பிதான் எனக்குக் காட்டினான்.

மில்லுக்கு எதிரே மாமரத்தடியில் ஏறத்தாழ இருபத்தைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பெண்களிடம். மூவரும் வந்தாலன்றிப் பெட்டி திறக்காது. வாரந்தோறும் ஆளுக்குச் சிறு தொகை போட்டு, தேவைப்படுபவருக்குக் கடன் கொடுத்து, வட்டியோடு திரும்ப வாங்கி, ஆண்டு முடிவில் பங்கிட்டுக்கொள்வார்கள். நம் சீட்டுக்கும் மகளிர் குழுவுக்கும் பங்காளி. இந்த முறை 1991இல் நைஜர் நாட்டுப் பெண்களிடையே உருப்பெற்று, பிறகு கண்டம் முழுக்கப் பரவியது.

ஆங்கிலமும் ஜூபா அரபியும் தெரிந்த இளைஞன் ஒருவன் மொழிபெயர்க்க, என் மாணவர்கள் அனுப்பிய பணம் இருக்கிறது, என்ன வேண்டும் என்று கேட்டேன். பள்ளிக்கூடச் சாமான் என்று சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் தமக்குள் சிறிது நேரம் பேசினார்கள். பிறகு சாவி வைத்திருந்த பெண்களில் ஒருத்தி பெட்டியைத் தொட்டுக் காட்டி, "இதில் போடுங்கள்" என்றாள். அரவைக்கூலிக்குக் கடன் கொடுக்கலாம். சோளத்தை விற்க வேண்டியிராது. கொஞ்சம் வளர்ந்தால் மில்லுக்கே முன்பணம் சேர்க்கலாம். கணக்கு அவள் விரல் நுனியில் இருந்தது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை இன்று ஒப்புக்கொள்கிறேன். பெட்டியில் போட்ட பணத்துக்கு ரசீது ஏது? முதல்வரிடம் என்ன காட்டுவது? அரவைக்கூலியைப் படமெடுத்து அறிவிப்புப் பலகையில் எப்படி ஒட்டுவது? இவை நியாயமான கேள்விகள்போல அப்போது தோன்றின. இவற்றுக்கு அடியில், மாணவர்களின் பணம் கைமாறி எங்காவது போய்விடுமோ என்ற ஐயமும் இருந்தது. மூன்று பூட்டுப் போட்டவர்களை நம்பாமல், நான் மட்டும் பூட்டே இல்லாத கைப்பையில் அந்தப் பணத்தை ஓராண்டாக வைத்திருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். அவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வந்து போகிறவர்களைப் பார்த்துப் பழகிய முகங்கள்.

மறுநாள் அருவாக் கடைத்தெருவில் எழுநூறு நோட்டுப் புத்தகங்களும் பேனாக்களும் வாங்கினேன். கடைக்காரர் முத்திரையிட்ட ரசீது கொடுத்தார். பள்ளியில், நூறு பிள்ளைகளுக்கு மேல் உட்கார்ந்திருந்த வகுப்பில், நோட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தோம். பிள்ளைகள் உண்மையாகவே சிரித்தார்கள். அதை மறுக்க மாட்டேன். அந்தப் படம் எங்கள் துறையின் அறிவிப்புப் பலகைக்கு வந்தது. கல்லூரி ஆண்டு மலரிலும் வந்தது.

மூன்று வாரம் கழித்துத் தம்பி தொலைபேசியில் அழைத்தான். வாரச்சந்தையில் நம் நோட்டுகள் பாதி விலைக்கு விற்கின்றன என்று சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. "கல்வியின் அருமை தெரியவில்லையே" என்று, ஓர் ஆசிரியை சொல்லக்கூடிய மிக மோசமான வாக்கியத்தைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நோட்டை வேகவைக்க முடியாது அக்கா" என்றான். விற்ற காசு அரவைக்கூலிக்குப் போயிருந்தது. பெட்டியில் போட்டிருந்தாலும் அங்கேதான் போயிருக்கும். பாதி விலைக்குக் குறையாமல் போயிருக்கும்.

அடுத்த ஆண்டு ஊரடங்கில், ஆங்கிலத் துறைத் தோழி ஒருத்தியிடமிருந்து பார்பரா ஹாரல்பாண்ட் எழுதிய நூலொன்று கிடைத்தது. ஆக்ஸ்போர்டில் அகதிகள் பற்றிய ஆய்வுக்கென்று 1982இல் ஒரு துறையைத் தொடங்கியவர் அவர். 1986இல் வந்த அந்த நூலின் தலைப்பைத் 'திணிக்கப்படும் உதவி' என்று தமிழாக்கலாம். அவர் களஆய்வு செய்தது சூடானின் யெய் ஆற்று வட்டாரத்தில். அங்கே அடைக்கலம் புகுந்திருந்த உகாண்டா நாட்டு மக்களிடையே. களி போட்ட ஆசிரியர் சிறுவனாகத் திரிந்த அதே காலம், அதே பக்கம்! அகதிகளில் பெரும்பாலோர் முகாம்களுக்கு வெளியே, உள்ளூர் மக்களின் நிலத்தில் தாமாகவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதை அவர் கண்டார். உதவ வந்தவர்களோ அவர்களை ஒன்றும் இயலாதவர்களாகவே பார்த்தார்கள். கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டினார்களே தவிர, பெற்றவருக்குக் காட்டவில்லை. படித்துக்கொண்டே வந்தவள், என் ரசீது நினைவுக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவைத்தேன்.

பேகனிடம் திரும்புகிறேன். நாங்கள் வழக்கமாகச் சொல்லும் கதையில், மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணி அவன் போர்வையைக் கொடுக்கிறான். ஆனால் பரணர் அப்படிச் சொல்லவில்லை. மயில் அதை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தும் கொடுத்தான் என்பதே புறநானூற்றில் உள்ளது. புலவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் பாடினார். அதே பேகனைப் பற்றி அடுத்தடுத்து வரும் பாடல்களில் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் நால்வரும், பிரிந்து வாடும் மனைவி கண்ணகியிடம் திரும்பிப் போகுமாறு அவனைக் கெஞ்சுகிறார்கள். பரிசில் வேண்டாம், இதைச் செய் என்கிறார்கள். கேட்காத மயிலுக்குக் கொடுத்தவனிடம் நால்வர் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. இவ்வளவு ஆண்டுகளாக இந்த இரண்டையும் தனித்தனி வாரங்களில் நடத்திவந்திருக்கிறேன்.

அதன்பின் நடந்தவற்றைச் செய்திகளில் பார்த்து வருகிறேன். 2020 ஏப்ரலில் உகாண்டா அகதிகளின் 31,000 ஷில்லிங் 22,000 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் முழுப் பங்கில் அறுபது விழுக்காடாகச் சுருங்கியது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் வெடித்ததும் டார்ஃபூர் மக்கள் சாட் நாட்டின் அட்ரே என்ற சிற்றூருக்குள் அவ்வூர் மக்களைப்போலப் பல மடங்காக வந்து சேர்ந்தார்கள். சூடானியர் பலர் உகாண்டாவுக்கும் வந்தார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியது. அவ்வாண்டு மே மாதத்தில், உகாண்டாவில் 10 இலட்சம் அகதிகளுக்கு உணவு உதவி நின்றுபோனதாக உலக உணவுத் திட்டம் அறிவித்தது. அப்போது அந்நாட்டில் இருந்த அகதிகள் ஏறத்தாழ 19 இலட்சம். உலக அகதிகளில் நான்கில் மூவர் அளவுக்கு ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும்தாம் இருக்கிறார்கள். நிலமும் கிணறும் விறகும் பகிர்பவர்கள் அங்குள்ள பக்கத்து ஊர்க்காரர்கள்.

அந்தச் செய்தியைப் படித்த இரவு தம்பியை அழைத்தேன். அவன் இப்போது கம்பாலாவில் வேறு வேலையில் இருக்கிறான். கிணற்று மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் எண் அவனிடம் இருந்தது. அவர் வழியாக மாமரத்தடிக்குச் செய்தி போயிற்று. குழு இருக்கிறது, பெட்டி இருக்கிறது. மூன்று சாவிக்காரர்களில் ஒருத்தி யெய் பக்கமே திரும்பிப் போய்விட்டதால் அவள் சாவி இன்னொருத்தியிடம் இருக்கிறது. மில் இன்னும் அந்த வியாபாரியுடையதுதான்.

என் சம்பளத்திலிருந்து 23,400 ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் ஷில்லிங்காக மாற்றிக் கைப்பேசிப் பணமாக அனுப்பிவைத்தான். ரசீது கேட்கவில்லை. அறிவிப்புப் பலகையில் இருந்த படத்தை எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். முகாமிலிருந்து வந்து படித்த மாணவி இன்று ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. நோட்டுகளின் கதையை முதலில் அவளுக்குத்தான் எழுதினேன். "தெரியும் அம்மா" என்று மட்டும் பதில் வந்தது. என்ன தெரியும் என்று அவள் எழுதவில்லை.

பத்து நாள் கழித்து மாமரத்தடியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அவர்களுடைய கணக்கேட்டில் வெளியிலிருந்து வரும் பணத்துக்கென்று தனி இடம் கிடையாதாம். இதைக் கடனாக எழுதுவதா, பங்காக எழுதுவதா? கடன் என்றால் வட்டியும் தவணையும் சொல்ல வேண்டும். பங்கு என்றால் நான் உறுப்பினர். வாரந்தோறும் சந்தா கட்ட வேண்டும், கூட்டத்துக்கு வராத நாளுக்கு அபராதம் உண்டு.

இன்னும் பதில் எழுதவில்லை. அபராதம் எவ்வளவு என்று தம்பியைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.